மிருகத்தின் இலக்கமும் சகோதரரின் முழங்காலும்

ஒரு மனிதனின் இடது முழங்காலைப் பார்ப்பதற்காக இருநூறு பேர் மழையில் வரிசை கட்டி நின்றதை நீங்கள் பார்த்ததுண்டா? நாங்கள் பார்த்தோம். பார்த்தோம் என்ன, நின்றதே நாங்கள்தான்.

வியாழக்கிழமை தோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு, சபை மூப்பர் ரூலோஃபின் வைக்கோல் கொட்டகையில் கூட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வெஸ்டர்வேன் ஊரில் சைக்கிளைக்கூடத் தொடமாட்டோம். அது ஓய்வு நாள். ஏமாறுவதற்கு வேலை நாள்தான் தோது.

"நிஜமாவே நடுங்குதாமே?"

"நடுங்குதாவா? தையல் மெஷின் மாதிரி அடிக்குது. இந்தக் கண்ணால பார்த்தேன்."

"முழங்காலுக்கு மேல கால்சட்டையைச் சுருட்டி விட்டிருக்காரே. குளிரா இருக்கும்."

"மெதுவாப் பேசு. காதுல விழுந்துடப் போகுது."

"யாரு காதுல?"

"முழங்காலோட காதுல!"

முழங்காலின் உரிமையாளர் பெயர் சகோதரர் ஆர்னௌட். ரோட்டர்டாம் பக்கத்து ஆள். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, துக்க வீட்டுக்கு வந்தவர் போல ஒரு முகம். எப்போதோ அவர் ஜெபித்துக்கொண்டு நின்றபோது இடி விழுந்ததாம். விழுந்த இடி மரத்தில் விழவில்லை, தலையில் விழவில்லை. நேராக இடது முழங்காலில் இறங்கி அங்கேயே குடியிருக்கிறதாம். வேதத்தின் கடைசிப் புத்தகத்தில், கடைசிக் காலத்தில் வரப்போகிற பொல்லாத மிருகத்துக்கு ஓர் இலக்கம் சொல்லியிருக்கிறதே, அறுநூற்று அறுபத்தாறு, அந்த இலக்கம் எந்த மூலையில் பதுங்கியிருந்தாலும் முழங்கால் கண்டுபிடித்துவிடுமாம்.

கண்டுபிடித்தது. மூன்றே வாரத்தில் ஊரில் அது இல்லாத இடமே இல்லை என்றாகிவிட்டது.

பதினெட்டாம் எண் வீட்டு வாசலில் முழங்கால் நடுங்கியது. ஏன்? ஆறும் ஆறும் ஆறும் பதினெட்டு. அந்த வீட்டுக்காரர் கதவில் பதினேழு என்று எழுதிக்கொண்டார். பதினேழாம் வீடு ஏற்கெனவே எதிரில் இருந்தது. அன்று முதல் தபால்காரர் இரண்டு வீட்டுக் கடிதங்களையும் கால்வாய்ப் பாலத்தின் மேல் கல்லை வைத்துவிட்டுப் போனார்.

ரொட்டிக்கடையில் நடுங்கியது. ஒரு ரொட்டிக்குப் பதினெட்டுத் துண்டு. கடைக்காரர் பயபக்தியோடு ஒரு துண்டைக் குறைத்தார். விலையைக் குறைக்கும்படி முழங்கால் சொல்லவில்லை.

செருப்புக்கடையில் நடுங்கியது. ஒன்று முதல் முப்பத்தாறு வரை எல்லா எண்ணையும் கூட்டிப் பாருங்கள், அறுநூற்று அறுபத்தாறு வரும். நானும் கூட்டிப் பார்த்தேன், வருகிறது, பொய்யில்லை. அதனால் முப்பத்தாறாம் அளவுக் காலுள்ள பெண்கள் எல்லாரும் முப்பத்தெட்டாம் அளவில் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஞாயிறு காலை கோயிலுக்குள் வாத்துக்கூட்டம் மாதிரி சளக் சளக்கென்று வந்தார்கள்.

கோயிலையும் விட்டபாடில்லை. சங்கீதம் அறுபத்தாறு, ஆறாம் வசனம். எழுதிப் பார்த்தால் மூன்று ஆறு. இனிப் பாடக்கூடாது என்றார் சகோதரர். அந்த வசனம் என்ன தெரியுமா? "கடலைக் காய்ந்த தரையாக மாற்றினார்." கடலை வடித்து, காய வைத்து, அதன்மேல் வீடு கட்டி மாடு மேய்க்கிறவர்கள் நாங்கள், எங்களுக்காகவே எழுதியது போன்ற வசனம் வேதத்திலேயே அது ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுத்தோம். ஆர்கன் வாசிப்பவர் ஐந்திலிருந்து ஏழுக்குத் தாவினார். பாதிப் பேர் ஆறில் பாடினார்கள், பாதிப் பேர் ஏழில் பாடினார்கள், போதகர் மூன்றாவது பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தார். எங்கள் போதகர் கடவுளைப் பற்றி அஞ்சாமல் பேசுவார். மூப்பர்களைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

பரிகாரம் இல்லாமல் இருக்குமா? இருந்தது. குட்டிக் குப்பியில் "பத்மு மை". வேதத்தின் அந்தக் கடைசிப் புத்தகத்தை எழுதிய யோவானுக்குத் தரிசனம் கிடைத்த பத்மு தீவிலிருந்து நேராக வந்தது. ஆறு என்ற எண் எங்கே இருந்தாலும் ஒரு சொட்டு வைத்தால் போதும், விஷம் இறங்கிவிடும். குப்பி பதினைந்து யூரோ. ஊதா நிறம். மாட்டுக் குளம்பில் புண் வந்தால் பீய்ச்சுவோமே, அந்த மருந்து வாசனை. அந்த வாசனை தெரியாதவர் எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. குப்பி வாங்காதவரும் இல்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். ஆனால் நான்காவது வியாழக்கிழமை ஒரு சொல் குறுக்கே வந்தது.

எங்கள் ஊரில் மாட்டுக்கு இன்னொரு பெயரும் உண்டு. "மிருகம்" என்போம். "உனக்கு எத்தனை மிருகம்?" "நாற்பது மிருகம்." "மிருகத்துக்குத் தண்ணி காட்டிட்டியா?" என்பது சாதாரணப் பேச்சு. வேதத்தில் வருகிற பொல்லாத மிருகத்துக்கும் இதே சொல்தான். முந்நூறு வருஷமாக இரண்டையும் நாங்கள் குழப்பிக்கொண்டதில்லை. ஒன்று பால் கறக்கும், மற்றது கறக்காது.

அந்த வியாழன், சகோதரர் ஆர்னௌட் கையில் வேதத்தோடு கேட்டார்: "விவசாயிகளே, உங்க மிருகத்துக்கு இலக்கம் உண்டா இல்லையா?"

உண்டு. ஒவ்வொரு மாட்டின் இரண்டு காதிலும் மஞ்சள் நிறத்தில் வில்லை மாட்டியிருக்கும். பெரிய எழுத்தில் நான்கு இலக்க எண்.

"அந்த வில்லை இல்லாம மாட்டை விக்க முடியுமா?"

"முடியாது."

"வாங்க முடியுமா?"

"முடியாது."

"வேதம் என்ன சொல்லுது? முத்திரையும் மிருகத்தின் இலக்கமும் உள்ளவன் தவிர யாரும் கொள்ளவும் விற்கவும் கூடாதுன்னு சொல்லுதா இல்லையா?"

பின்வரிசையில் ஒருவர் நாற்காலியிலிருந்து விழுந்தார். தூங்கி விழுந்தாரா, பயந்து விழுந்தாரா என்று கடைசிவரை தெரியவில்லை.

ஒரு கிழவர் மட்டும் எழுந்தார். "முத்திரை வலது கையிலயோ நெத்தியிலயோ இருக்கும்னுதானே எழுதியிருக்கு? வில்லை காதுல இருக்கே."

"காது எங்கே இருக்கு?"

"தலையில."

"நெத்தி?"

"அதுவும் தலையில."

"ஒரே தபால் வட்டாரம்" என்றார் மூப்பர் ரூலோஃப். கிழவர் உட்கார்ந்துவிட்டார்.

மூப்பரிடம் நூற்றெண்பது மாடுகள். வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரம் ஊரிலேயே அவரிடம்தான் உண்டு. அவர் சொன்னால் வாதம் முடிந்தது. இல்லையென்றால் வைக்கோல் நனையும்.

"யாருகிட்டயாவது 0666 இருக்கா?" என்று சகோதரர் கேட்டார்.

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. ஹில்லி எழுந்து நின்றாள்.

ஹில்லியின் புருஷன் இறந்து இரண்டு வருஷம். ஒன்பது மாடுகளை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகப் பண்ணையை ஓட்டுகிறவள். அதில் பெர்த்தா என்றொரு பசு. கறுப்பும் வெள்ளையும், கோயில் மணி போல மடி. ஒரு நாளைக்கு நாற்பது லிட்டர். பெர்த்தா இருந்தால் பண்ணை இருக்கும். பெர்த்தா போனால் பண்ணை போகும். அப்புறம் ஹில்லி பட்டணத்தில் மகள் வீட்டு மாடியறையில், ஜன்னல் வழியாக டிராம் வண்டியைப் பார்த்துக்கொண்டு சாக வேண்டியதுதான். பெர்த்தாவின் காதில் 0666.

"நான் கேட்டு வாங்கலை, மூப்பரே. வில்லை தபால்ல வரிசையா வருது. 0665-க்கு அப்புறம் அதுதானே வரும்?"

"அரசாங்கம் ஒண்ணைத் தாண்டி எண்ணியிருக்கலாம்" என்றார் ரூலோஃப்.

"பெர்த்தா யாரையும் முட்டினதுகூட இல்லை!"

"அதுதாம்மா வஞ்சகம்" என்றார் சகோதரர், பெருமூச்சோடு. "முட்டுற மாட்டை எல்லாரும் அடையாளம் கண்டுக்குவாங்க."

"மை வெச்சாப் போதாதா? ரெண்டு குப்பி வாங்கிக்கறேன்."

போதாதாம். மற்ற இடத்தில் இருப்பது மிருகத்தின் இலக்கம். இதுவோ இலக்கமுள்ள மிருகம். சனிக்கிழமை மூன்று மணிக்கு லாரி வரும். எல்லைக்கு அப்பால் கொண்டுபோய், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், ஆழமான குழியில், முறைப்படி. செலவைச் சகோதரரே ஏற்றுக்கொள்வார். என்ன பெருந்தன்மை! பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

ஹில்லி மாட்டேன் என்றாள். மறுநாள் அவளுடைய புல் அறுத்த வயலுக்கு ரூலோஃபின் இயந்திரம் வரவில்லை. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக் கடமை என்று ஒன்று உண்டு. பிரசவமோ, சாவோ, வைக்கோலோ, கூப்பிடாமலே வந்து கை கொடுக்க வேண்டும். அன்று யாரும் வரவில்லை. காய்ந்த புல் வயலில் கிடந்தது. மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

வந்தவள் ஒருத்திதான். தொப்பிக்கடை ஃபெம்மி.

எங்கள் கோயிலில் பெண்கள் தலை மூடாமல் நுழையக்கூடாது. அதனால் ஃபெம்மியின் கடை தழைத்தது. மூக்குக்கண்ணாடியும் வாயில் நாலு குண்டூசியுமாக இருப்பாள். குண்டூசியைத் துப்பாமலே பேசுவாள்.

"அழாதே ஹில்லி. முப்பது வருஷமா இந்த ஊர்த் தலைகளுக்கு அளவெடுக்கிறேன். வெளிச்சுற்றளவு என்னன்னும் தெரியும், உள்ளே எவ்வளவு காலின்னும் தெரியும்."

"லாரி நாளைக்கு வருது, ஃபெம்மி அக்கா."

"வரட்டும். ஒண்ணு சொல்லு. அந்த ஆளுக்கு மாட்டைப் பார்த்தா அடையாளம் தெரியுமா?"

"எங்கே தெரியும்? போன வாரம் என் காளைக்கன்னைத் தடவிக் குடுத்து, 'எத்தனை லிட்டர்?'னு கேட்டாரு."

ஃபெம்மி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டாள். அவள் சிரிக்கப்போகிறாள் என்று அதற்கு அர்த்தம்.

அன்று சாயங்காலமே மூப்பர் வீட்டுக்குப் போனாள். என்ன பணிவு! என்ன பக்தி!

"மூப்பரே, நாளைக்கு லாரி ஏத்தறதுக்கு முன்னாடி சகோதரரோட முழங்கால் எல்லார் முன்னாலயும் சாட்சி சொல்லட்டுமே. எட்டு மாட்டை வரிசையா கட்டுவோம். காதை மூடிடுவோம். முழங்காலே மிருகத்தைக் கண்டுபிடிக்கட்டும். விசுவாசம் குறைஞ்சவங்களுக்கு அது பெரிய பாடமா இருக்கும். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரங்களும் வர்றாங்களாம், முந்நூறு பேர். யாருகிட்டயும் மை இல்லையாம்."

முந்நூறு, மை என்ற இரண்டு சொற்களும் சகோதரர் ஆர்னௌட்டின் காதில் விழுந்தன. "கர்த்தருக்குச் சித்தமானால்" என்றார்.

ரூலோஃபுக்குத்தான் ஒரு சந்தேகம். "காதை எதால மூடுவே?"

"தொப்பியால."

"மாட்டுக்குத் தொப்பியா?"

"ஜெபக்கூட்டத்துல பெண்கள் தலையை மூடணும்னு வேதத்துல பவுல் சொல்லியிருக்காரா இல்லையா?"

"சொல்லியிருக்காரு."

"பசு ஆணா, பெண்ணா?"

மூப்பர் வெகுநேரம் யோசித்தார். "வேத ஆதாரம் இருக்கு" என்றார்.

சனிக்கிழமை இரண்டரை மணி. ஹில்லியின் முற்றத்தில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை, அவர்களை யாரும் கூப்பிடவே இல்லை. கட்டைவேலியோரம் எட்டுப் பசுக்கள், எட்டு வெவ்வேறு பண்ணைகளிலிருந்து. ஒவ்வொன்றின் தலையிலும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி. காதுகளை மூடித் துணியைச் சுற்றித் தாடைக்குக் கீழே முடிச்சு. முதல் பசுவுக்கு நீல வெல்வெட். இரண்டாவதற்குச் செர்ரிப்பழக் கொத்து. நான்காவதற்கு இறகு. சில பசுக்களுக்குத் தொப்பி நன்றாகவே பொருந்தியது. பெயர் சொல்லமாட்டேன், அந்தத் தொப்பிகளைப் போன வாரம் போட்டிருந்தவர்களைவிட நன்றாக.

"யாரும் வாயைத் திறக்கக்கூடாது" என்றாள் ஃபெம்மி. "முழங்கால் மட்டும்தான் பேசணும்."

இதிலே ஒரு வேடிக்கை. அங்கே நின்ற விவசாயிகளில் ஒவ்வொருவனுக்கும் எட்டு மாடும் தெரியும். மடியைப் பார்த்தே சொல்வான், நடையைப் பார்த்தே சொல்வான், இருட்டில் மூச்சைக் கேட்டுச் சொல்வான். பெர்த்தா ஆறாவதாக, சாம்பல் நிறத் தொப்பியில் நிற்கிறாள் என்பது கூட்டத்துக்கெல்லாம் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான். அவருக்குத்தான் தெய்வீக ஞானம்.

தொடங்குவதற்கு முன் ஃபெம்மி ஹில்லியின் காதோடு சொன்னதை நான் கேட்டேன், பக்கத்தில்தானே நின்றேன்.

"நீ ஏழாவது மாட்டையே பார்த்து அழு."

"பெர்த்தா ஆறாவதுல நிக்கிறாளே?"

"அதனாலதான்டி."

சகோதரர் கால்சட்டையைச் சுருட்டினார். கண்ணை மூடினார், அதாவது முக்கால்வாசி மூடினார். முதல் பசு. அமைதி. இரண்டாவது. அமைதி. மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொரு மாட்டின் முன்னும் அவர் முகம் மாட்டைப் பார்த்தது, அந்த முக்கால் மூடிய கண் ஹில்லியைப் பார்த்தது. ஆறாவதுக்கு வந்தார். ஹில்லியின் பார்வை அங்கே இல்லை. முழங்கால் கல் மாதிரி கிடந்தது. பெர்த்தா நாக்கை நீட்டி அவர் கோட்டுப் பையிலிருந்த பெப்பர்மின்ட் பொட்டலத்தைத் தேடினாள்.

ஏழாவதுக்கு வந்தார். ஹில்லி கோவென்று அழுதாள்.

அடேயப்பா! என்ன நடுக்கம்! கணுக்காலிலிருந்து தொடை வரை எழும்பியது. சகோதரர் அலறினார், பின்வாங்கினார், தடுமாறினார், பக்கத்தில் எது கிடைத்ததோ அதைப் பிடித்துக்கொண்டார். கிடைத்தது பெர்த்தாவின் கழுத்து. இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அவள் தாடையில் கன்னத்தைச் சாய்த்தார். நடுக்கம் நின்றது.

"இதோ! இந்தச் சாதுவான பசுவைத் தொட்டதும் அடங்கிடுச்சு பாருங்க! அந்த ஏழாவதைக் கொண்டுபோங்க! என் கண்ணு முன்னால நிக்க வேண்டாம்!"

"சகோதரரே" என்றார் மூப்பர் ரூலோஃப், "அது என் மாடு."

ஃபெம்மி அவசரப்படவில்லை. ஏழாவது பசுவின் முடிச்சை அவிழ்த்தாள், தொப்பியை எடுத்தாள், தூசியைத் தட்டினாள். கூட்டத்துக்குக் கேட்கும்படி வில்லையைப் படித்தாள். "0616." பிறகு சகோதரர் கட்டிக்கொண்டிருந்த பசுவின் தொப்பியைக் கழற்றினாள்.

"0666."

சிரிப்பு முதலில் பின்வரிசையிலிருந்துதான் வந்தது. அப்புறம் அடக்க முடியவில்லை. சகோதரர் வில்லையைப் பார்த்தார். உடனே முழங்கால் நடுங்க ஆரம்பித்தது.

"இப்ப நடுங்குதே!" என்றார்.

"இப்பதானே பார்த்தீங்க" என்றாள் ஃபெம்மி. "ஒரு நிமிஷத்துக்கு முன்னாடியும் இதே மாடு, இதே வில்லை, உங்க கன்னத்துக்கும் அதுக்கும் நடுவுல என்னோட ஒரு துணிதான் இருந்துச்சு. அப்ப நடுங்கலையே. உங்க முழங்காலுக்குக் கண்ணு வேணும் போல இருக்கே, சகோதரரே."

"இலக்கம்... இலக்கம் தாவிடுச்சு. ஏழிலிருந்து ஆறுக்கு. பிசாசோட வேலை."

கூட்டத்தில் நாலைந்து பேர் தலையாட்டினார்கள் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். "தாவும், தாவும்" என்று ஒருத்தி முணுமுணுக்கவும் செய்தாள். மனித மூளை இருக்கிறதே, ஒரு தடவை விலை கொடுத்து வாங்கிய முட்டாள்தனத்தை லேசில் தூக்கிப் போடாது.

"என் முழங்காலும்தான் மழை வர்றதைச் சொல்லுது" என்றார் முன்பு எழுந்து கேள்வி கேட்ட கிழவர். "போர்வைக்குள்ள இருந்தே சொல்லுது. நான் அதுக்கு ஜன்னலைத் திறந்து காட்டினதில்லை."

அந்த நேரம் பார்த்து லாரி உள்ளே நுழைந்தது. குண்டாக ஒரு மாட்டுத் தரகர் இறங்கினார். வாயில் சுருட்டு. சிரிப்பு எதற்கென்று அவருக்குப் புரியவில்லை, கவலையும் படவில்லை.

"எங்கேப்பா அந்த நாப்பது லிட்டர்?"

சகோதரர் வேகமாகக் கையை ஆட்டினார். தரகர் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஆட்டினார்.

"எந்த நாப்பது லிட்டர்?" என்று ஃபெம்மி இனிமையாகக் கேட்டாள்.

"ஏதோ கறவை மாடும்மா. இவர்தான் சொன்னாரு. வடக்கே என் பண்ணையில தொழுவம் ரெடி, புது வைக்கோல் போட்டு வெச்சிருக்கேன்."

"குழி வெட்டலையா?"

"கறக்கிற மாட்டுக்கு எவன்மா குழி வெட்டுவான்?"

"அதோட இலக்கம் 0666. உங்களுக்குப் பயமா இல்லையா?"

தரகர் பெர்த்தாவின் பின்பக்கமாகப் போய்க் குனிந்து பார்த்தார். "எனக்கு எதுக்கும்மா இலக்கம்? மடி இருக்குல்ல."

எங்கள் ஊரில் நாலு வாரமாகப் பேசப்பட்ட எல்லாப் பேச்சிலும் அறிவான பேச்சு அதுதான். ஹில்லி ஓடிப்போய்ப் பெர்த்தாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கையில் அரிவாள் இருந்திருந்தால்கூட அவளைப் பார்த்து அப்படிப் பயந்திருக்கமாட்டோம்.

"இதை விக்கலை" என்றாள். "விக்கவும் மாட்டேன், குடுக்கவும் மாட்டேன்."

"அப்ப நான் வெறும் வண்டியை ஓட்டிட்டுப் போகணுமா?" தரகருக்குக் கோபம்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் ஃபெம்மி. திரும்பி, கூட்டத்தின் ஓரத்தில் காணாமல் போக முயன்றுகொண்டிருந்த போதகரைக் கூப்பிட்டாள். "பாஸ்டர், என் கடையில உங்க வீட்டம்மாவுக்குத் தொப்பி பார்க்க வந்தப்ப ஒண்ணு சொன்னீங்களே. பழைய பிரதி விஷயம். அதை இங்கேயும் சொல்லிடுங்க."

போதகர் கூரையைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினார். முற்றத்தில் கூரை இல்லை. வேறு வழியின்றிச் சொன்னார்.

"அது... வந்து... மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில், மிருகத்தின் இலக்கம் அறுநூற்று அறுபத்தாறு என்று இல்லை. வேறு எண் இருக்கிறது. எது சரியென்று படித்தவர்களே வாதாடுகிறார்கள்."

"அந்த வேறு எண்ணு என்ன?"

"அறுநூற்றுப் பதினாறு."

சிரிப்பு பட்டென்று நின்றது. இருநூறு தலை மெதுவாக ஏழாவது பசுவின் பக்கம் திரும்பியது. அது அசை போட்டுக்கொண்டிருந்தது. காதில் மஞ்சள் வில்லை வெயிலில் பளபளத்தது.

"அப்போ..." என்றாள் முணுமுணுத்த அதே பெண்மணி, "முழங்கால் சரியாத்தான் சொல்லியிருக்கு!"

"பழைய பிரதிப்படி நடுங்கியிருக்கு!" என்றான் இன்னொருவன்.

சகோதரர் ஆர்னௌட் முகத்தில் மறுபடி ஒளி வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, சுருட்டிய கால்சட்டையை இன்னும் இரண்டு விரல் ஏற்றினார். "நான் சொன்னேன் இல்லையா? ஏழாவதுன்னு நான்தானே—"

"லாரியும் நிக்குது" என்றாள் ஃபெம்மி. "ஏத்திடலாமா, மூப்பரே?"

மூப்பர் ரூலோஃப் அன்று பேசியது போல அவர் அதற்கு முன்பும் பேசியதில்லை, பின்பும் பேசியதில்லை.

"பைத்தியமா உங்களுக்கு? அரசாங்கம் தபால்ல அனுப்புற வில்லை! வரிசையா அச்சடிக்கிறான்! 0615-க்கு அப்புறம் வேற என்ன வரும்? என்கிட்ட நூத்தெண்பது மாடு இருக்கு, ஏதாவது ஒரு எண்ணு இருந்துதானே தீரும்? எண்ணுங்கிறது வெறும் எண்ணு! அதுக்குக் கொம்பா முளைச்சிருக்கு? முப்பத்தெட்டு லிட்டர் குடுக்கிற மாடுய்யா அது!"

முற்றத்தில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். விழுந்தது, ஃபெம்மியின் வாயிலிருந்து.

"இதையேதான் போன வியாழக்கிழமை ஹில்லி சொன்னா" என்றாள். "ஒரு எழுத்து மாறலை, மூப்பரே."

ரூலோஃபின் முகம் சகோதரரின் மை நிறத்துக்குப் போயிற்று.

பிறகு யார் முதலில் தள்ளினார்களோ தெரியாது. சகோதரர் ஆர்னௌட் லாரியின் பின்பக்கப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தார், பசு நிற்க வேண்டிய மூலைக்கு. மைக் குப்பிகள் கோட்டுப் பைகளில் கிணுகிணுத்தன. தரகர் எட்டிப் பார்த்து, "இவர் எத்தனை லிட்டர்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. வண்டி போய்விட்டது.

"வைக்கோல் இயந்திரம் எப்ப வரும், மூப்பரே?" என்று ஹில்லி கேட்டாள். கயிற்றை இன்னும் விடவில்லை.

"இப்பவே" என்றார் ரூலோஃப், தரையைப் பார்த்துக்கொண்டு. வந்தது. கூடவே பக்கத்து வீட்டுக் கடமையும் ஞாபகம் வந்து, நாற்பது பேர் வந்தார்கள். மழைக்கு முன் கடைசிச் சுருள் கொட்டகைக்குள் போயிற்று. பெர்த்தா அன்று நாற்பத்திரண்டு லிட்டர் கறந்தாள். வேதத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் யாருக்கும் மூளை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மூப்பர் ரூலோஃபுக்கே அரை நிமிஷத்தில் எவ்வளவு அருமையாக வேலை செய்தது, பார்த்தீர்கள் அல்லவா? லாரி தன் மாட்டை ஏற்ற வந்தால் எவனும் பகுத்தறிவாளன்தான். அடுத்த வீட்டு மாட்டை ஏற்ற வரும்போதே அந்த மூளையைக் கொஞ்சம் வெளியே எடுங்கள் ஐயா. எடுத்தால் ஒன்றும் தேய்ந்துவிடாது.